வேண்டாவின் சோலார் செட்டு

எங்கள் எதிர்வீட்டு வேண்டாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அப்பா. செய்யூர்ப் பக்கத்தில் நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டாள். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என்று வைத்தாராம். சாமிக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஆபீஸ்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. போன வருஷம் முழுக்க அவள் ஏறி இறங்கிய இடங்களில் ஒருவருக்கும் அவள் வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற வழியில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இன்னும் அந்த ஊராட்சியில்தான் குடியிருந்தாக வேண்டும்.

வேண்டா பல வருஷம் ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் துணி துவைத்தாள். யாரோ படுத்து எழுந்த விரிப்பு, யாரோ துடைத்துப் போட்ட துண்டு. பாத்ரூமுக்குப் போனால்கூட சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பான். புருஷன் சுப்பிரமணி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, வீட்டிலேயே இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தாள். படூர் அடுக்குமாடிகளில் இருக்கிற ஐடி குடும்பங்களுக்கு அரைக்க நேரம் கிடையாது. இவள் மாவும் நல்ல மாவு. ஒரு கிரைண்டர் மூன்றானது, மாவு வைக்க ஒரு பெரிய ஃப்ரீசர் வந்தது. "இப்போ எவனாவது மணி பாத்து என்னைக் கேக்க முடியுமா?" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த முகத்தைக் கரண்டு பில் கெடுத்தது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து லாபத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போகும். இப்படியே போனால் மறுபடியும் ரிசார்ட்டுதான் என்று அவள் பயந்துகொண்டிருந்தபோது, வீட்டு மாடியில் சோலார் போட்டால் சர்க்கார் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டாள். வளையலை அடகு வைத்தாள். மானியம் வந்ததும் மீட்டுவிடலாம் என்று நினைப்பு.

சோலார் பலகைகளை மாட்டிக் கொடுத்தவர் கேளம்பாக்கத்து ஜெபகுமார். மாடியில் துணி காயப்போட, நடமாட இடம் வேண்டுமே என்று ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கால் நட்டு, அதன்மேல் வரிசையாக மாட்டினார். சுத்தமான வேலை. ஆனால் கரண்டு ஆபீஸ்காரர்கள் வந்து புது மீட்டர் மாட்டினால்தான் ஸ்விட்சைப் போட முடியும், அதற்கப்புறம்தான் மானியம் வரும் என்று சொல்லிவிட்டார். மீட்டர் வரவில்லை. கேட்டால் ஸ்டாக் இல்லை. ஸ்டாக் வந்த அன்று மாட்டுகிற ஆள் லீவு. ஆள் வந்த அன்று மீட்டரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் போய் மனு கொடு என்று யாரோ சொன்னார்கள், போனாள். மனு வாங்குகிறவர் தலையை நிமிர்த்தாமல், "பேரு?" என்றார்.

"வேண்டா."

"பேரு இல்லாம மனு வாங்க முடியாதும்மா."

அதை விளக்கி முடிக்கவே நேரம் போயிற்று. மனுவை வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற ஒருவர்தான் எழுதியிருந்தார், இவள் சொன்னது சொன்னபடி: 'என் வீட்டு மாடியில் சோலார் செட் போட்டிருக்கிறேன். மீட்டர் மாற்றித் தரவும்.' இதில் என்ன தப்பு? எங்கள் பக்கத்தில் பம்பு செட்டும் செட்டுதான், தகரம் போட்டு மாடு கட்டுகிற இடமும் செட்டுதான். எது எந்தச் செட்டு என்று மாட்டுக்குக்கூடத் தெரியும். ஆபீஸுக்குத் தெரியவில்லை. மாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறாள் என்று எவரோ முடிவு கட்டி, மனுவை எங்கள் ஊராட்சிக்குத் தள்ளிவிட்டார். 'சோலார்' என்ற வார்த்தை முன்னாலேயே உட்கார்ந்திருந்ததே, அதை யார் விழுங்கினார்கள்?

ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. 'அனுமதியின்றி மாடியில் செட் அமைத்துள்ளதாகத் தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், அதை ஏன் அகற்றக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.' அதை எடுத்துக்கொண்டு கரண்டு ஆபீஸுக்கு ஓடினாள். "பஞ்சாயத்து நோட்டீஸு கீதேம்மா. அத்த முடிச்சுக்கினு வா, அப்பால மீட்டரு" என்று அவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

காசு கேட்டிருந்தால்கூட எங்கேயாவது புரட்டிக் கொடுத்துத் தொலைத்திருப்பாள். ஒருத்தரும் கேட்கவில்லை. காசுக்காகக் கெடுதல் செய்கிறவனுக்காவது ஒரு காரணம் இருக்கிறது. ரெண்டு வரியைப் படிக்கச் சோம்பல்பட்டு ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் பத்தவில்லை.

ஊராட்சியிலிருந்து பார்வையிட ஒருவர் வந்தார், நல்ல உச்சி வெயிலில். வேண்டா அப்போது பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் உப்பு படியும், வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறிக் கழுவுவாள். ஸ்விட்சே போடாத சோலாரைக் கழுவுவானேன் என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். "என்னிக்காவது போடுவாங்கல்ல" என்பாள்.

வந்தவர் நேராகப் பலகைகளுக்கு அடியில் போய் நின்றுகொண்டார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி, "இன்னாம்மா, செட்டு போட்டுகீறியே, பர்மிசன் எங்க?" என்றார்.

"செட்டு இல்ல சார், சோலாரு. கரண்டு எடுக்கறது."

"நான் நிக்கற எடத்துல நெழலு கீதா, இல்லியா?"

"கீது சார்."

"நெழலு குட்த்தா அது கூரை. கூரை இருந்தா அது செட்டு. நீயே மனுவுல எழுதிக் குட்த்துகீற."

"அப்போ வேப்ப மரம்கூட செட்டா சார்?" என்று நான் கேட்டேன். நீ யார் என்றார். எதிர்வீடு என்றேன். எதிர்வீட்டுக்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை என்றார்.

வேண்டா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினாள்.

"சார், அங்கியே நில்லுங்க. கூரைக்கு அடியில நிக்கறவரு மழை பேஞ்சா நனைவாரா?"

அவர் பதில் சொல்வதற்குள் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு. அந்த வழியாகத் தண்ணீர் நேராக அவர் உச்சந்தலையில் இறங்கியது. சட்டை, பேனா, ஃபைல் எல்லாம் தொப்பல்.

"இப்போ சொல்லு சார். கூரையா இது?"

அவர் ஃபைலை உதறிக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நானும் அவளும் நினைத்து நினைத்துச் சிரித்தோம். விளக்கிச் சொன்னால் புரியாத மனுஷனுக்கு நனைந்தாலாவது புரியும் என்று நம்பினோம்.

அப்புறம் ஊராட்சியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த பில் வந்தது. அடகுக்கடை வட்டி வந்தது. வேண்டா ஒரு கிரைண்டரை விற்றாள், பிறகு ஃப்ரீசரை. கடைசியில் ரிசார்ட்டுக்கே போய் நின்றாள். சேர்த்துக்கொண்டார்கள், புது ஆளுக்குத் தருகிற சம்பளத்தில்.

ஊராட்சிக் கடிதம் வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் வாங்கி வைத்து, மறுநாள் காலையில் வேனுக்காக நிற்கிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். நீல யூனிஃபார்ம் சேலையில் நின்றிருந்தாள். "படி" என்றாள். பிரித்துப் படித்தேன்.

'ஆய்வின்போது மேற்படி செட்டின் கூரை ஒழுகும் நிலையில் உள்ளது கண்டறியப்பட்டது. பழுது நீக்கிய பின்னரே அனுமதி குறித்துப் பரிசீலிக்க இயலும்.'

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஒரு கொடத்தோட வுட்டுட்டேன் பாரு. கெணத்தையே தூக்கி ஊத்தியிருக்கணும்."

வேன் வந்து நின்றது. முன் சீட்டில் சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டா ஓடிப் போய் ஏறினாள்.