அக்கரைப் பணியாரம்

ஏழு வயதில் நான் அரை நாள் குடிகாரனாக இருந்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் என் நடத்தையில் சொல்லும்படியான களங்கம் ஏதும் கிடையாது. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். சற்று யோசித்துவிட்டுத்தான் சொல்வாள், ஆனால் சொல்வாள்.

எல்லாம் என் தலைமுடியால் வந்தது. மூன்று நாலு வயதில் எனக்கு ஒரு கொடுங்காய்ச்சல் கண்டு, வைத்தியர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, வீட்டில் வேண்டிக்கொண்டார்களாம்: பிள்ளை பிழைத்தால் ஒகேனக்கல் ஆற்றங்கரையில் முடி இறக்குவதாக. நான் பிழைத்துவிட்டேன். வண்டி கட்டத்தான் வேளை வரவில்லை. ஒரு வருஷம் மழை இல்லை. மறுவருஷம் மழை அதிகம். அதற்கடுத்த வருஷம் கடலைக்காய் பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. சாமி காத்திருக்கும், கடலைக்காடு காத்திருக்குமா? நேர்ந்துவிட்ட முடியில் கத்தி படக்கூடாது என்பதால், இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு சிலேட்டு தூக்கிப்போன ஒரே ஆண்பிள்ளையாக நான் வளர்ந்தேன். கூடப் படித்த பயல்கள் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாக ஒரு மாசி மாதத்தில் வண்டி கட்டினோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமன், நான். மாமன் மடியில் உட்கார்ந்துதான் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் இல்லாமல் முடி இறங்காது. அந்த ஒரு காரணத்துக்காக அம்மா தன் தம்பியின் அட்டகாசம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பயணத்தில் சாப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கில் ஊறுகிறது. வாழை இலையில் கட்டிய புளிச்சோறு, வண்டி ஆடிய ஆட்டத்தில் நன்றாக ஊறி, பென்னாகரம் தாண்டுவதற்குள் எண்ணெய் பிரிந்து நின்றது. தொட்டுக்கொள்ளக் கடலைக்காய்த் துவையல். கொறிக்க வறுத்த கொள்ளு. அதே சோற்றை வீட்டில் போட்டால் முகம் சுளிப்பேன். சாலையோரப் புளியமர நிழலில், மாடுகள் பக்கத்தில் நின்று அசைபோட, இலையை மடியில் வைத்துத் தின்றபோது மூன்றாம் முறை கை நீட்டினேன். வழிச்சோற்றுக்கு மட்டும் அந்த ருசி எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. அம்மா மட்டும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "மொட்ட போடற வரைக்கும் கவுச்சி கெடையாது. அதுக்கப்பறம் ஆத்து மீனத் தின்னுங்க, ஆரு கேக்கப் போறா?"

மொட்டை போட்டார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து நான் போட்ட கூச்சலில் அருவி சற்றுத் தணிந்தது என்று மாமன் பிறகு ஊரில் சொன்னான். குளிக்க வைத்து, தலை முழுக்கச் சந்தனம் அப்பி, அம்மா அடுத்த கட்டளையைப் போட்டாள். "வூடு போய்ச் சேர்ற வரைக்கும் இதக் களுவக் கூடாது. தலையத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் ஊர்கள் சேலம் ஜில்லாவில் இருந்தன. நாட்டிலேயே முதல் முதலாகக் கள்ளுக்கடைகளை மூடிய ஜில்லா எங்களுடையது. மூடி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையோ கோயமுத்தூர் ஜில்லா. அங்கே மூடவில்லை. ஆகவே ஒகேனக்கல்லுக்கு வந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அருவியை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அழகு என்று தோன்றத் தொடங்கியிருந்தது. பெண்களுக்கு இந்தப் பக்கத்து அழகே போதுமானதாக இருந்தது.

மாமனுக்கும் தோன்றியது. "மாப்ளைக்கு அருவியக் காட்டிட்டு வந்தர்றேன் அக்கா. மாமா, நீங்களும் வாங்க. ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்."

அப்பா ஆற்றைப் பார்த்தார். "நான் வல்ல. நீங்க போயிட்டு வாங்க."

அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அந்த இடத்திலேயே நான் முடிவு கட்டிவிட்டேன். முந்தின கோடையில் என் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஊர்க் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கியவர் அவர்தான் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பரிசல் துறையில் ஒரு புங்கமரம். மரத்தடியில் ஒரு போலீஸ்காரர். அக்கரையிலிருந்து திரும்பி வந்த ஒருவனை அவர் நிறுத்தி, முகத்துக்கு நேரே தன் மூக்கைக் கொண்டுபோய், "ஊது" என்றார். அவன் ஊதினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒக்காரு அப்பிடி. சாயங்காலம் பென்னாகரம் டேசனுக்குப் போலாம்" என்றார். மரத்தடியில் ஏற்கெனவே இரண்டு பேர் காதல் தோல்வி கண்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மதுவிலக்கு ஊர்வலம் போனபோது தொண்டை கிழியக் கத்திய இரட்டைச் சடைக்காரன் நான்தான்.

அக்கரையில் பாறை மேல் ஒரு கீற்றுக் கொட்டகை. கன்னடம் பேசும் ஒரு அம்மாள் மீன் குழம்பும் பணியாரமும் விற்றுக்கொண்டிருந்தாள். குழம்பு சட்டியில் கொதித்துக்கொண்டே இருக்க, அதிலிருந்து அள்ளி இலையில் ஊற்றினாள். காரம் காதைத் தொட்டது. காரத்துக்கு மேல் ஒரு வெல்லப் பணியாரம். ஓரம் முறுகி, உள்ளே பஞ்சு. லேசாகப் புளிப்பு. அப்படி ஒரு பணியாரத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை. அதற்குப் பின்னும் இல்லை. என் மொட்டைத் தலையைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, இலை காலியாகும் முன்பே, "இன்னொந்து தின்னு, மகா" என்று போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் விற்ற பணியாரத்துக்கும் கொடுத்த பணியாரத்துக்கும் கணக்கு வைக்காமல் விட்டுவிட்டாள். அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாமன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓலைத் தொன்னையில் ஈச்சங்கள்ளை வைத்துக்கொண்டு, இரண்டு வாய்க்கு ஒரு முறை "அருவியப் பாரு மாப்ள" என்றான். நான் வாய் நிறையப் பணியாரத்தோடு ஏதோ பதில் சொல்லப்போக, அவன் சிரித்த சிரிப்பில் தொன்னை சாய்ந்து, கள் நேரே என் மொட்டை மண்டையில் கொட்டியது. சந்தனம் முழுவதும் உறிஞ்சிக்கொண்டது. நான் பயப்படவில்லை. வெளியே பட்டதற்குச் சட்டம் கிடையாது என்பது என் எண்ணம். குடித்தவன் மாமன், நனைந்தவன் நான்.

திரும்பும் வழியில் மாமன் கொய்யா இலைகளை ஆடு மாதிரி மென்றுகொண்டு வந்தான். வாடையைக் கொய்யா இலை தின்றுவிடும் என்பது அக்கரை போய்வருகிறவர்களின் நம்பிக்கை. நடு ஆற்றுக்கு வந்ததும், சும்மா இருக்க முடியாமல், "மாப்ள, நீயும் ரெண்டு எல மெல்லுடா" என்றான்.

"நான் எதுக்கு?"

"எதுக்கா? நீ தின்ன பணியாரம் எப்பிடிப் பொங்குச்சுன்னு நெனச்ச? மாவுல கள்ளு வுட்டாத்தான்டா அப்பிடிப் பொங்கும். நான் குடிச்சது மூணு தொன்ன. நீ தின்னதுக்கு ஒரு பானை ஆச்சு."

நான் சிரித்தேன். அதே சமயம் பரிசல்காரர், சின்னப் பையன் இருக்கிறானே, வேடிக்கை காட்டலாம் என்று துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டு, பரிசலைப் பம்பரம் போலச் சுற்றிவிட்டார். கரை சுற்றியது. அருவி சுற்றியது. மாமனுக்கு இரண்டு தலை. சந்தேகமே இல்லை, போதை ஏறிவிட்டது! குடித்தவனுக்கு உலகம் சுற்றும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். இவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று சொல்லவில்லை.

பரிசலை நிறுத்திய பிறகும் எனக்கு நிற்கவில்லை. உள்ளே பணியாரம், வெளியே சந்தனம், இரண்டிலும் கள். இரண்டு ஜில்லாவுக்கும் எல்லை இந்த நடு ஆறுதான் என்றால், நான் இப்போது வயிற்றில் கள் கடத்துகிறேன். கரையில் புங்கமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமன் கையிலிருந்து கொய்யா இலையைக் கொத்தாக வாங்கி வாயில் திணித்தேன். பாதிதான் உள்ளே போயிற்று.

துறையில் இறங்கினோம். போலீஸ்காரர் எழுந்து வந்து மாமனுக்கு முன்னால் நின்றார்.

"அருவி பாத்தீங்களா?"

"பாத்தங்க."

"நல்லா இருந்துதா?"

"இருந்துதுங்க."

"ஊதுய்யா பாக்கலாம்."

மாமனின் முகத்திலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மாமனை டேசனுக்குக் கொண்டுபோனால், மொட்டை போட்ட நாளும் அதுவுமாக அம்மா அழுவாள். என்னையும் கொண்டுபோனால் இன்னும் அழுவாள். பயத்தில் எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இலைகளைத் துப்பிவிட்டு அலறினேன்.

"ஏட்டய்யா, நாந்தான் கள்ளு சாப்ட்டேன்! எங்க மாமன் ஒண்ணும் பண்ணலீங்க! நான் தெரியாமத் தின்னுபுட்டங்க! மாமனத்தான் ஊதச் சொல்லாதீங்க, அது ஊதுனா வாட வரும்!"

என் மாமனைக் காப்பாற்ற இதைவிடச் சிறப்பாக யாராலும் பேசியிருக்க முடியாது. மரத்தடியில் இருந்தவர்கள் தங்கள் துயரத்தை மறந்து சிரித்தார்கள். ஏட்டு குனிந்து, "எத்தன சாப்ட்ட?" என்று கேட்டார்.

"எண்ணலீங்க."

சத்தம் கேட்டு அப்பா வந்துவிட்டார். வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டு ஏட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார். "நம்ம பையனுங்க. இன்னைக்குத்தான் முடி எறக்குனம். என்னங்க ஆச்சு?"

"கள்ளு சாப்ட்டானாம்ங்க. அவனே சொல்றான்."

அப்பா என்னைப் பார்த்தார். மாமனைப் பார்த்தார். அவன் ஆற்றைப் பார்த்தான். அப்பா இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, குனிந்து, உச்சியில் மூக்கை வைத்து முகர்ந்தார். வைத்த மூக்கை அவர் எடுக்கவில்லை. அவர் மூச்சு என் மண்டையில் போவதும் வருவதுமாக இருந்தது. ஏட்டை விட அப்பா கெட்டிக்காரர், கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அப்பா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது போல் இருந்தது. "சந்தனங்க. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பொய்ச் சாட்சிக்குப் பயந்து ஊர்ப் பஞ்சாயத்துக்கே போகாத மனிதர் அவர்.

"அப்பிடிங்களா?" ஏட்டும் குனிந்து என் தலையை முகர்ந்தார். நிமிர்ந்து அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு முறை குனிந்து முகர்ந்தார். "நல்ல சந்தனமுங்க. வாசனையா இருக்குது. பையனக் கூட்டிக்கிட்டுப் போங்க. இந்த ஆளையும் கூட்டிக்கிட்டுப் போங்க, இவன் மூஞ்சி எனக்குப் புடிக்கல."

அந்த ஏட்டுக்கும் நான் கடன்பட்டவன். அவருக்குச் சளி பிடித்திருந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டியடியில் அம்மா மீதிப் புளிச்சோற்றைப் பங்கு வைத்தாள். மாமன், சமாதானமாக, மடியில் கட்டி வந்த பணியாரத்தை அப்பாவுக்கு முன்னால் பிரித்து வைத்தான். அப்பா இலையைப் பார்த்தார். "நீங்களே தின்னுங்க" என்று தள்ளிவிட்டார். ஒன்றைக்கூடத் தொடவில்லை. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் பங்குச் சோற்றிலிருந்து ஒரு கை அள்ளி அவர் இலையில் வைத்தாள். இத்தனைக்கும் பயந்து நடுங்கிய நான், கள்ளாவது போலீஸாவது, அந்தப் பணியாரத்தில் மேலும் மூன்றைத் தின்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி, என் மகனுக்கு முடி இறக்க நாள் பார்த்தபோதுதான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். "ஒன்னோட முடி நான் வேண்டிக்கிட்டது. ஒங்கப்பா தனியா ஒண்ணு வேண்டிக்கிட்டாரு. நீ பொளச்சா இனிக் கள்ளத் தொடறதில்லன்னு. சாயங்காலமானா அது இல்லாம அவருக்குச் சோறு எறங்காது, தெரியுமா? சர்க்காரு கடைய மூடறதுக்கு முன்னயே அவரு மூடிட்டாரு. கடைசி வரைக்கும் தொடல." என் பங்குக்குப் போனது இரட்டைச் சடை. அது மூன்றே மாதத்தில் முளைத்துவிட்டது. அவர் விட்டது முளைக்கவே இல்லை.

அன்று திரும்பும் வழியெல்லாம் அப்பா என்னைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மேடு ஏறும்போது ஒரு முறையும், பென்னாகரம் நெருங்கும்போது ஒரு முறையும் என் உச்சியில் மூக்கை வைத்தார். இன்னும் துப்பு துலக்குகிறாரே என்று, தலையை வண்டிக்கு வெளியே காற்றுக்கு நீட்டி நீட்டிக் காட்டி, அந்த வாசம் சீக்கிரம் போய்த் தொலைய வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன்.