அரைத்திருகு அத்தான் ஏற்றம் ஏறிய கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் வட்டாரத்தில் அரைத்திருகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. யார் எந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் என்ன குறை சொன்னாலும், தலையைச் சாய்த்து இரண்டு நிமிடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். பிறகு கார்புரேட்டர் பக்கத்தில் குந்தி, "ஏர் ஸ்க்ரூவ அரைத் திருகு வெளிய எடு, சரியாயிடும்" என்பார். ஹார்ன் அடிக்கவில்லை என்று போனவனுக்கும் இதே வைத்தியம்தான் சொன்னார் என்று ஒரு வதந்தி. கிளப்பியது நான்தான்.

இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சிவப்புப் பேனாவும் கண்ணாடியுமாக நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுவது தொழில். வீட்டுக்கு வரும்போதும் ஒரு கட்டுத் தாள் கூடவே வரும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பேனாவைத் தேடுகிற ஆள். அவர் போடுகிற குறிகளில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும். ஒரு சொல்லைக் கோடு போட்டு அடித்துவிடுவார். அப்புறம் மனசு மாறி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றினால் அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பார். பக்கம் அமைக்கிறவர் புள்ளியைப் பார்த்ததும் அந்தச் சொல்லில் கை வைக்க மாட்டார்.

வண்டி அவரைவிட நான்கு வயது மூத்தது. ஒற்றை சிலிண்டர், இரும்பு உடம்பு, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் அக்காவைவிடத் தனக்குத்தான் உரிமை அதிகம் என்று அதற்கு ஒரு நினைப்பு. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு சின்ன நோட்டு இருக்கும். என்றைக்கு எந்தத் திருகை எவ்வளவு திருப்பினார் என்று நோட்டில் எழுதி வைப்பார். நான் அதைத் தொட்டால் முறைப்பார்.

அவர்கள் வீடு ஓர் ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. பாதி வழியில் ஒரு வளைவு, வளைவில் ஒரு மருந்துக்கடை. அங்கே வந்ததும் வண்டி இருமும், திணறும், அழும். அக்கா இறங்கிவிடுவாள். அத்தான் தனியாக மேலே போய், அக்கா நடந்து வருகிறவரை வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார், ஏதோ துடைப்பதற்காகவே முன்னால் வந்தவர் போல. இது வருஷக்கணக்காக நடக்கிறது. மருந்துக்கடைக்காரர் அக்காவைப் பார்த்துத்தான் மணி சொல்வார் என்பார்கள்.

அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள். இந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஏற்றம் ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அத்தானைத் தாளிலிருந்து தலை தூக்க வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். உங்க வண்டி என்னை உச்சி வரைக்கும் ஏத்திட்டுப் போகணும். இல்லன்னா பல் டாக்டர்கிட்ட கொடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க."

பல் டாக்டர் அந்த வண்டியை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுவதற்கு இல்லை. எண்ணெயையும் பெட்ரோலையும் வடித்துவிட்டு, மெருகேற்றி, கிளினிக் வரவேற்பறையில் விளக்குக்குக் கீழே நிறுத்துவதற்கு. பல் பிடுங்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்களாம். இதைச் சொன்னபோது அத்தான் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

முதல் வேலையாகப் பெரிய வாய் கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். சோதனை ஓட்டத்துக்கு அக்காவைக் கூப்பிட முடியாதே, அதனால் பின் சீட்டில் மணல் மூட்டையைக் கட்டினார். எத்தனை கிலோ என்று கேட்டேன். அறுபத்திரண்டு என்றார்.

"அத்தான், அக்கா எழுபதுக்கு மேல இருப்பா."

"சத்தமாப் பேசாத. அவ மனசு கஷ்டப்படும்."

"மூட்டைக்கு என்ன மனசு?"

மனிதர் கேட்கவில்லை. அறுபத்திரண்டு கிலோவோடு கிளம்பினார். பெரிய கார்புரேட்டர் போட்டும் வண்டி முன்னைவிட மோசம். வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடந்தது. பெட்ரோல் பாய்கிற துளையான ஜெட்டை மாற்றினார், அதற்குள் இறங்குகிற ஊசியை இறக்கினார், ஏர் ஸ்க்ரூவைத் திருகினார். மூன்று நாள் இதே கூத்து. மருந்துக்கடைக்காரர் மூட்டையை இறக்கிக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப் போகும்படி யோசனை சொன்னார்.

நான் சைலன்சர் செய்கிறவன். பட்டறை வைத்திருக்கிறேன், குழாய் வளைப்பேன், பற்ற வைப்பேன். வாயைப் பெரிதாக்கினால் போதாது, புகை வெளியே போகிற வழியும் திறந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். மச்சான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? வெள்ளிக்கிழமை தானாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், புதுசா ஒரு சைலன்சர் செஞ்சு கொடு. உள்ள தடுப்பு எதுவும் வேண்டாம், நேரா போற மாதிரி. பழசுக்கு வெளிப்பக்கமா அளவு எடுத்துக்கோ, போதும். வெட்டாத. அப்படியே திருப்பிக் கொடு."

"வெட்டாம உள்ள என்ன இருக்குன்னு எப்படி அத்தான் தெரியும்?"

"உள்ள ஒண்ணும் இல்ல. வெட்டாத."

துருப்பிடித்த குழாய்க்குக்கூட இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். அவர் தெருவைத் தாண்டியதும் வெட்டினேன்.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் இருந்தது. ஒன்றல்ல, ஆறு. வால் பக்கத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தித் திணித்திருந்தது. அடியில் இருந்தது கரிக்கட்டி, தொட்டதும் உதிர்ந்தது. மேலே வர வர நிறம் வெளுத்து, கடைசி நார் இன்னும் கொஞ்சம் பளபளத்தது. இது ஒரு நாள் வேலை இல்லை. யாரோ வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் திணித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறது யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாள் முழுக்க ஒற்றைக் கொம்பையும் ஒரு புள்ளியையும் விடாமல் பிடிக்கிற மனிதர், தன் வண்டியின் பின்பக்கத்தில் இருக்கிற ஆறு நாரைப் பார்க்கவில்லையே என்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நார்களையெல்லாம் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு, அத்தான் அச்சகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேடையில் பிரித்து வைத்தேன். அக்கா பார்த்தாள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப முதல் தடவ வச்சேன்டா. இந்த மனுஷன் வண்டியக் கிளப்பினா அவ தூக்கிவாரிப் போட்டு எழுந்துடுவா."

"பாப்பாவுக்கு இப்போ பத்தொன்பது வயசு. ஹாஸ்டல்ல இருக்கா. மேல இருக்கிற நார் போன மாசத்து நார் மாதிரி இருக்கு."

அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"வீட்ல நான் எதைச் சொன்னாலும் தாளை விட்டுத் தலை தூக்க மாட்டாருடா. உம், உம்னு சொல்வாரு, ஒண்ணும் காதுல ஏறாது. வண்டில ஏறினா அவரு காது என் வாய்க்கு ஒரு சாண் தூரம். எங்க ஓடுவாரு? ஆஸ்பத்திரில நடந்தது, மனசுல இருக்கிறது எல்லாம் அப்பதான் சொல்வேன். சத்தம் கூடுற மாதிரி இருந்தா இன்னொரு நார் வைப்பேன்."

"இதனாலதான் வண்டி ஏத்தம் ஏறல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "நானே அடைச்சிட்டு, நானே இறங்கி நடந்திருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அவருகிட்ட சொல்லிடாதடா. பத்தொன்பது வருஷமா அந்த ஸ்க்ரூவத் திருகிட்டே கிடக்கிறாரு" என்றாள்.

சொல்லாமல் இருக்க நான் ஒரு வருஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கேட்டேன். கூடப்பிறந்தவளிடமே இப்படியா என்று திட்டிவிட்டு ஒப்புக்கொண்டாள். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை; அவள் கைப்பக்குவம் அப்படி.

சனிக்கிழமை புது சைலன்சரைப் பற்ற வைத்து மாட்டினேன். நேர்க்குழாய், உள்ளே ஒரு தடையும் கிடையாது. அத்தான் பெரிய ஜெட் போட்டு, பிளக்கில் கரி போய் நிறம் பழுப்பாகிறவரை சரிபார்த்தார். பழைய சைலன்சர் எங்கே என்று கேட்டார். வெட்டிவிட்டேன், வெறும் துருதான் இருந்தது என்று கண்ணைப் பார்த்தே புளுகினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் ஏற்றத்தின் உச்சியில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் நான். கீழே அத்தான் உதைத்தார். இங்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வண்டி கிளம்பி வளைவுக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் அக்கா இறங்க வாகாக ஓரம் ஒதுங்கினார். வண்டி நிற்கவில்லை. இருமல் இல்லை, அழுகை இல்லை, அக்காவோடு உறுமிக்கொண்டே மேலே வந்தது. அத்தான் முகமெல்லாம் பல்லாக இருந்தது. பல் டாக்டரே ஒரு கணம் தொழில் ஞாபகத்தில் எட்டிப் பார்த்தார். பின்னால் அக்காவின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

எஞ்சின் நின்றது. அக்கா இறங்கினாள்.

"பாத்தியா?" என்றார் அத்தான்.

"நல்லா ஏறுது" என்றாள் அக்கா. "டாக்டர்கிட்ட கொடுத்துடுங்க."

"ஏறிச்சே!"

"ஏறிச்சு. மருந்துக்கடையிலேர்ந்து இங்க வரைக்கும் ஒரு விஷயம் சொன்னேன். என்ன சொன்னேன்?"

அத்தான் குனிந்து புதுக் குழாயைப் பார்த்தார். அக்காவின் குரல் இறங்கியது. "கேக்கல, இல்ல? இனிமே எதுவும் கேக்காது. காது கேக்காத வண்டில முட்டி வலிக்காமப் போயி நான் என்ன பண்ணப் போறேன்? ஸ்கூட்டர்னா சத்தமாவது இல்லாம இருக்கும்."

பல் டாக்டர் பெட்ரோல் டாங்கின் மேல் கை வைத்தார். அக்கா நார் வைத்ததைத்தான் ஒப்புக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சொல்லித் தொலைக்கலாமா என்று நான் வாயெடுக்கும் முன்னால் அத்தான் பேசினார்.

"கேக்கல. ஆனா என்னன்னு தெரியும்."

பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனருக்கு அடியிலிருந்து புத்தம் புதிய கம்பி நார் ஒன்றை எடுத்து சீட்டின் மேல் வைத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை.

அக்கா நாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று அவசரமாகத் தலையாட்டினேன்.

"எப்பத் தெரியும் அத்தான்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. என் வண்டி சத்தம் மாறினா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"பாப்பா தூங்கிட்டு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "அப்புறம், இவ பேசிட்டு இருந்தா. நான் கேட்டுட்டு இருந்தேன். இவ முட்டி வலி வந்ததும் நாரைத் தொடாம ஏத்திடலாம்னுதான் பெரிய கார்புரேட்டர் போட்டுப் பாத்தேன். முடியல."

ஊரிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று மூன்று நாளாகத் திரிந்தேன். இப்போது பெட்டியில் கிடந்த நோட்டை எடுத்தேன். அவர் முறைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக் குறிப்புகள். அதில் ஆறு இடங்களில் ஒரே வரி இருந்தது: பின்னால் நார் வைத்திருக்கிறாள், எடுக்க வேண்டும், ஏர் ஸ்க்ரூ அரைத் திருகு வெளியே. ஒவ்வொன்றிலும் ‘எடுக்க வேண்டும்’ மட்டும் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. ‘நார் வைத்திருக்கிறாள்’ என்பதையும் லேசாக அடித்திருந்தார். ஆனால் அதன் அடியில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, புள்ளி புள்ளியா?"

அத்தான் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் சொன்னேன். "இருக்கட்டும்னு அர்த்தம்க்கா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நார் உறையைப் பல்லால் கிழித்து அத்தானிடம் நீட்டினாள்.

"ஒண்ணு வச்சா ஏறுமா?"

"ஒண்ணு தாங்கும். அரைத் திருகு வெளிய எடுத்தாப் போதும்."

"வைங்க. கீழ போய்த் திரும்ப வரலாம். நான் சொன்னது மொத்தமும் முதல்லேர்ந்து கேக்கணும்."

துணியைச் சுற்றிக்கொண்டு சூடான குழாயில் திருப்புளியால் நாரைத் திணித்தார்கள். இருவரும் கீழே போனார்கள். நான் பல் டாக்டரை உட்கார வைத்து டீ கொடுத்தேன். விலை பற்றி அவர் கேட்டார். காது கேட்காதவன் போல் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். ரகசியமே இல்லாத இடத்தில் என் ஒரு வருஷத்துச் சாப்பாடும் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் வளைவைத் தாண்டி ஏதோ மேலே வருவது கேட்டது. இந்தத் தடவை முதலில் கேட்டது வண்டிச் சத்தம் இல்லை, அக்காவின் குரல்.