அண்ணன் கொடுத்த அஞ்சு ஒன்பது

என் அண்ணனும் நானும் வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், நாலு பேர் கேட்க, ரேடியோவில். அவர் கோவில்பட்டியில், நான் பெங்களூர் வைட்ஃபீல்டில். இருவரிடமும் ஹாம் ரேடியோ உரிமம் இருக்கிறது. எங்களைப் போன்ற பத்திருபது பேர் அன்றைக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். நடத்துபவர் மதுரைக்காரர். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், பேர் வந்தவர் வணக்கம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அது எப்படிக் கேட்டது என்று எண்ணில் சொல்வார்கள். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை; அஞ்சு ஒன்பது என்றால் முழு மதிப்பெண். அண்ணன் எனக்கு எண் சொல்வார், நான் அவருக்குச் சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போனில் பேசுவது அம்மாவோடு போயிற்று. அம்மாவுக்கு முடியாமல் போனபோது நான்தான் பிடிவாதமாக இங்கே கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். அம்மா ஊர் திரும்பவில்லை. காரியம் முடிந்த அன்று, "நீ கூட்டிட்டுப் போவாம இருந்திருந்தா வீட்லயாவது கண்ண மூடியிருப்பா" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. என்னென்னவோ சொன்னேன்.

எண் கொடுப்பதில் அண்ணன் மகா கஞ்சன். மற்றவர்கள் மரியாதைக்கு எல்லாருக்கும் அஞ்சு ஒன்பது என்று அள்ளி விடுவார்கள். இவர் மாட்டார். காதில் விழுந்ததைத்தான் சொல்வார். எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் ஆன்டெனாவுக்காக பிவிசி குழாயை நட்டு, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் செம்புக் கம்பியைச் சரிவாக இழுத்துக் கட்டினேன். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அளந்து, மறுபடி வெட்டி, ஒரு மாதம் இதே பிழைப்பு. அந்த ஞாயிறு அண்ணன் "அஞ்சு ஏழு" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதுவும் யாருக்கோ பொறுக்கவில்லை. அசோசியேஷன் செக்ரெட்டரி வந்து நின்றார். மூன்று தலைமுறையாக அல்சூரில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், பேச்சில் கன்னடமும் கலக்கும்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஒயர்லேர்ந்து ஏதோ வருதாம், ஏழாவது மாடி மேடத்துக்குத் தலைவலியாம்."

"நான் ஊர்லயே இல்ல சார். பத்து நாளா ரேடியோவையே போடல."

"அது எனக்குப் புரியுது. அவங்களுக்கு யார் சொல்றது? ஸ்வல்ப பாத்து எடுத்துடுங்க."

சண்டை போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆபீஸில் சண்டை, கேப் டிரைவரோடு சண்டை, டிராஃபிக்கோடு சண்டை. இதற்கும் தெம்பு எங்கே இருக்கிறது? போதுமடா சாமி என்று நானே ஏறி அவிழ்த்தேன்.

ஆன்டெனா கட்ட மிச்சம் இருந்தது பால்கனி. ஏசி மெக்கானிக்கிடம் மீந்த செம்புக் குழாயை வாங்கி, கேஸ் சிலிண்டரைச் சுற்றி வளைத்து, பிறகு கையால் விரித்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு வளையம் ஆக்கினேன். இரண்டு முனைக்கும் நடுவே பழைய வால்வு ரேடியோவில் கழற்றிய கண்டென்சர். அதைத் திருகித்தான் அலைவரிசைக்குக் கொண்டுவர வேண்டும். கை பக்கத்தில் போனாலே அலைவரிசை விலகிவிடும், கையை எடுத்தால் திரும்ப வரும். அந்தத் திருகில் ஒரு மரக்கரண்டியைக் கட்டித் தூரத்திலிருந்து திருப்பினேன். வேர்த்து ஊற்றியது.

துணி காயப்போட வந்த மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு போன் பண்ணா முடிஞ்சு போற விஷயம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் செம்பை வளச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். நான் மறுபடி கரண்டியைத் திருப்பினேன்.

முதல் ஞாயிறு லிஃப்ட் இரைச்சலுக்கும் யார் வீட்டிலோ எரியும் எல்இடி விளக்கின் கீச்சலுக்கும் நடுவில் மற்றவர்கள் குரல் எனக்குக் கேட்டது. மதுரைக்காரர் என்னைக் கூப்பிட்டார். வணக்கம் சொன்னேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஆள் இல்ல போலிருக்கு" என்று அடுத்தவருக்குப் போய்விட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அதே. இருந்த ஒரே நூலும் அறுந்ததென்றே நினைத்தேன். வளையத்தின் இணைப்புகளையெல்லாம் சுரண்டி மறுபடி பற்றவைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு என் முறை வந்தது. மைக்கை அழுத்தி வணக்கம் சொன்னேன். மதுரைக்காரர் இழுத்தார். "இன்னைக்கும் ஆள் இல்ல..."

"இருக்கான்." அண்ணன் குரல், குறுக்கே. "எனக்குக் கேக்கு. அஞ்சு ஒன்பது."

"அண்ணாச்சி, இங்க ஒண்ணுமே கேக்கலையே?"

"எனக்குக் கேக்குன்னு சொல்லுதம்லா. எழுதிக்கிடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் வாயால் அஞ்சு ஒன்பது! மனைவியைக் கூப்பிட்டு வளையத்தைத் தட்டிக் காட்டினேன். அவள் சிரித்தாள். ரேடியோவை அணைக்கும்போதுதான் கவனித்தேன், மைக் ஒயர் கையோடு வந்தது. உள்ளே கம்பி அறுந்து பச்சை பூத்திருந்தது. நேற்று இன்று அறுந்ததல்ல. மூன்று வாரமாக என் குரலில் ஒரு துளிகூட வெளியே போயிருக்க வழியில்லை.

அந்த ஒயரைப் பிடித்தபடியே அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்.

"அண்ணே, மைக் ஒயரு அறுந்து கெடக்கு. இன்னைக்கு ஒண்ணுமே போகல."

"தெரியும்."

"பெறகு எப்படி அஞ்சு ஒன்பதுன்னீங்க?"

அங்கே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தச் சொன்னார்.

"வேற என்னடே சொல்ல? அந்த மதுரைக்காரன் வாராவாரம் ஆள் இல்ல, ஆள் இல்லங்கான். அம்மையும் போயிட்டா. நீயும் இல்லேன்னு கேட்டுட்டு இருக்கச் சொல்லுதியா?"