இரவல் நாக்கு

பஸ் டிப்போ கேன்டீனில் சமைக்கிற அக்காவுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'கரண்டி'. தூக்கத்திலும் எதையாவது கிண்டிக்கொண்டுதான் இருப்பாள் என்று கேலி செய்வார்கள். கொதிக்கிற சூப்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து "ம்" என்பாள். அந்த "ம்" வராமல் எந்தப் பாத்திரமும் அடுப்பைவிட்டு இறங்கியதில்லை.

வைரஸ் காய்ச்சல் முதலில் அவளைப் படுக்கவைத்தது, பிறகு அவள் கணவனை. போகும்போது இருவர் நாக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சில வாரம் அவளுக்கு ரொட்டிக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கப்புறம் வந்தது அதைவிட மோசம். மூக்கு திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. வெங்காயம் வதக்கினாலும், டீ போட்டாலும், சோப்பைத் தொட்டாலும் டயர் எரிகிற நாற்றம். ஒரு ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். மறுநாள் காலையில் கணவன் துள்ளிக் குதிக்காத குறையாகச் சொன்னான்: "எனக்கு நாக்கு வந்துடுச்சு! உனக்கும் வந்துடும், பாரேன்."

கேன்டீன் முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "முடியலைன்னா சொல்லிடும்மா. என் மச்சினி இருக்கா." முன்பக்கம் ரொட்டி நறுக்கும் அந்த மச்சினிக்குக் கை கத்தியில் இருந்தாலும் கண் அடுப்பில்தான். அதனால் கரண்டி யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவன் அதே டிப்போவில் டயர் பார்க்கிறவன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பின்கதவு வழியாக வருவான், ஒரு வாய் சூப் குடிப்பான், கட்டைவிரலை உயர்த்துவான், போய்விடுவான். கை அவளுடையது, நாக்கு அவனுடையது. பழகிய கை என்பதால் வண்டி ஓடியது.

அன்று காலை பிரிட்ஜைத் திறந்தபோது தரையில் தண்ணீர் நின்றது. ராத்திரியே அது உயிரை விட்டிருக்கிறது. இறைச்சியில் குளிர்ச்சியே இல்லை. முதலாளிக்குப் போன் போட்டாள்.

"ஒரு ராத்திரிதானேம்மா? நல்லா கொதிக்க வை, ஒண்ணும் ஆகாது."

முகர்ந்து பார்த்தாள். டயர்தான். கணவனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து ஆழமாக இழுத்தான்.

"இப்பத்தான் வெட்டின மாதிரி இருக்கு."

"நல்லா பாருங்க. விளையாட்டு இல்ல."

"என் மூக்கு மேல சத்தியம்!"

அந்த இறைச்சியில் சூப் வைத்தாள். கணவன் மறுபடியும் வந்து ருசி பார்த்தான். "உப்பு கொஞ்சம்..." என்று இழுத்து அவள் முகத்தைப் பார்த்தான். "சரியா இருக்கு, சரியா இருக்கு," என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

டிரைவர்கள் வரிசையில் நின்று தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, பிளாஸ்க்ல என்ன வச்சிட்டுப் போனே? டீயா, கடல் தண்ணியா?"

"என்னடி உளர்றே?"

"சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டியிருக்கே. ஒரு வாய் வச்சேன், குடலே வெளிய வந்துடுச்சு."

"காலையில உங்கப்பா ரெண்டு டம்ளர் குடிச்சாரே. சூப்பர்னு சொன்னாரே..."

கரண்டி போனை வைத்தாள்.

அவனுக்கும் நாக்கு வரவில்லை. அப்படியானால் இத்தனை நாள் காட்டிய கட்டைவிரல் எல்லாம்? இந்த இறைச்சி? இதைச் சாப்பிட்டுவிட்டுத்தானே இவர்கள் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறார்கள்? பின்னால் பஸ் நிறைய ஜனம்.

"அக்கா, ஊத்தலாமா?" மச்சினி அகப்பையோடு வந்துவிட்டாள். பின்னாலேயே முதலாளி. "என்னம்மா மரம் மாதிரி நிக்கிறே? வண்டிக்கு நேரமாகுது."

கைப்பிடித் துணி அவள் கையில்தான் இருந்தது. கை தவறின மாதிரி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. துணியை விளிம்பில் வைத்தும்விட்டாள். ஆனால் நாளைக்கு? நாளைக்கும் இதே அடுப்பு, இதே கட்டைவிரல்.

துணியை எடுத்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் சூப் ஊற்றிக்கொண்டு நேராக 'நொட்டை' டிரைவரிடம் போனாள். பச்சைத் தண்ணீரிலும் குறை கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

"அண்ணே, இதை மோந்து பாருங்க. குடிக்காதீங்க."

"குறை சொல்றதுக்கு நீயே வந்து வெத்தலை பாக்கு வைக்கிறியா?" வரிசையே சிரித்தது. அவர் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"புளிச்ச வாடை அடிக்குதேம்மா. உனக்குத் தெரியலையா?"

"தெரியலைண்ணே. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல." உரக்கத்தான் சொன்னாள்.

"அப்ப இத்தனை நாளா எங்களுக்கு என்னத்த ஊத்தினே?" என்றான் வரிசையில் ஒருவன். நொட்டை அவனைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு ஊத்தலை இல்ல? வாயை மூடு," என்றார்.

அன்று எல்லோருக்கும் ரொட்டியும் அவித்த முட்டையும்தான். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளையிலிருந்து அடுப்பை மச்சினி பார்ப்பா. நீ காய் நறுக்கு. நாக்கு வந்ததும் பார்க்கலாம்."

"வரலைன்னா?"

அவர் பிரிட்ஜ்காரனுக்குப் போன் போடப் போய்விட்டார்.

வீட்டில் கணவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். செய்தி டயர் ஷெட் வரைக்கும் போயிருந்தது. அவள் பிளாஸ்க்கை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"அன்னைக்குத் தட்டைத் தள்ளிட்டு அழுதியே... எனக்கு வந்துடுச்சுன்னா உனக்கும் வரும்னு நம்பி நீ சாப்பிடுவியேன்னு நெனச்சேன்."

"சாப்பிட்டேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது சாப்பிட்டேன். அதுக்காக அந்தக் கறியையுமா? சத்தியம் வேற!"

"ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் எங்க நிறுத்துறதுன்னு தெரியலை."

அவள் பிளாஸ்க்கை விரலால் தட்டிக் கேட்டாள்: "இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க. காலையில இந்த டீ எப்படி இருந்துச்சு?"

அவன் உண்மையாகவே யோசித்தான்.

"சூடா இருந்துச்சு," என்றான். "அது மட்டும்தான் தெரிஞ்சுது."