தட்டம் நீட்டியவன்

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தபோது துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை எனக்கு, சனத்துக்கு நான் பி.எச்.ஐ. ஐயா. பரந்தன் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கி, விளம்பர மட்டைகளைக் கழற்றச் சொல்லி, கழற்றாதவர்களோடு வாய்த்தர்க்கம் பட்டிருக்கிறேன். பள்ளிக்கூடங்களில் பேசும்போது, "உங்கட காதுக்குள்ளை இனி அந்தச் சத்தம் வராது பிள்ளையள்" என்று பெருமையடிப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சத்தம் என்று நான் சொன்னது தீக்குச்சி உரசும் சத்தம். நாங்கள் சிறுவர்களாக இருந்த சண்டைக் காலத்தில் வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணன் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். விளம்பரத்தில் குச்சி உரசும், ஒருவன் ஆறுதலாக மூச்சு விடுவான், பிறகு இசை வரும். அண்ணன் பெடலைச் சுற்றியபடியே நாக்கால் அந்த உரசலை அப்படியே செய்து காட்டுவார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். சிகரெட்டைத் தொடுமுன்பே அதன் சத்தத்தை அவர் பழகிவிட்டார்.

தடை வந்தது. படங்களில் கதாநாயகனின் வாயிலிருந்த சிகரெட்டை மங்கலாக்கினார்கள். "வாயிலை முகிலை ஒட்டிக்கொண்டு திரியிறான் எண்டோ சனம் நினைக்குது?" என்று அண்ணன் என்னைச் சீண்டுவார். அப்போதே அவருக்கு இருமல் இருந்தது.

சுவாசப்பை பாதிக்கு மேல் பழுது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் அண்ணன் பயந்தார். "ஐயா, இனி ஒண்டு பத்தினாலும் என்னட்டை வராதேங்கோ" என்றாராம் டாக்டர். பளையில் தன் வீட்டு முற்றத்தில் வைத்து லைற்றரை என் கையில் தந்தார்.

"நீயே வைச்சிரு. நான் கேட்டாலும் தராதை."

மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஐந்து மாதம் அவர் தொடவில்லை. கன்னம்கூடக் கொஞ்சம் பூரித்திருந்தது.

பிறகு மாமா, என் மனைவியின் தகப்பன், செத்தார்.

எங்கள் பக்கத்துச் செத்தவீட்டில் பந்தலுக்குள் கதிரை போட்டு ஆண்கள் இருப்பார்கள். வந்தவர்களுக்குத் தட்டம் நீட்ட வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அவற்றோடு சிகரெட்டும் நெருப்புப்பெட்டியும். சிகரெட் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி அழுகையை நிறுத்தினார்.

"மனுசன் இருக்கேக்கை ஒருத்தரையும் வெறும் வாயோடை அனுப்பேல்லைத் தம்பி."

கடைக்கு நானே போனேன். பெட்டியை எடுத்துத் தரும்போது கடைக்காரர், "பி.எச்.ஐ. ஐயாவுக்கோ?" என்று கேட்டு வாய்க்குள் சிரித்தார். அந்தக் கடையின் விளம்பர மட்டையை நான்தான் கழற்றுவித்திருந்தேன்.

வீட்டு மருமகன் என்றபடியால் தட்டம் என் கைக்கு வந்தது. வரிசையில் ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினால் அது வருசக்கணக்கில் பகை. தலையைக் குனிந்தபடி கதிரை கதிரையாக நீட்டிக்கொண்டு போனேன். ஏழாவதோ எட்டாவதோ கதிரையில் கால்களைக் கண்டுதான் ஆளை அறிந்தேன். அண்ணன் பளையிலிருந்து பஸ்ஸில் வந்து அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். என் கை அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தட்டம் அவருக்கு முன்னால் போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இருபக்கமும் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். அவர் விரல் முதலில் வெற்றிலைக்குத்தான் போனது, பிறகு பக்கத்தில் நகர்ந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு வானொலியில் மாமாவின் மரண அறிவித்தல் தொடங்கியது. பந்தல் முழுக்கக் கதையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அந்த அமைதிக்குள் குச்சி உரசிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு வந்தபோது அவர் சட்டைப் பையில் முழுப் பெட்டி இருந்தது. லைற்றரை என்னிடம் கேட்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். மாமியில் கோபப்பட்டேன், அந்தக் கடைக்காரரில் கோபப்பட்டேன். நீட்டியது என் கை என்பது எனக்குத் தெரியாமலா?

இப்போது அவருக்குச் சளியோடு இரத்தம் வருகிறது. ஸ்கான் எடுத்தாயிற்று. வருகிற செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பளைக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்து வானொலியில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளும் தவறவிடுவதில்லை என்று அண்ணி சொன்னார். அந்த வானொலி இப்போது சிகரெட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. இன்னார் காலமானார் என்று வாசிக்கும், எதனால் என்று வாசிக்காது. முடிந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"டேய் தம்பி, என்ரை செத்தவீட்டிலை தட்டத்தை வெறும் வெத்திலையோடை விட்டிடாதை. பி.எச்.ஐ. ஐயா சரியான கஞ்சன் எண்டு சனம் கதைக்கும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அண்ணி வந்து முதுகைத் தடவும்வரை நிற்கவில்லை.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை" என்றேன். சிகரெட் வைக்க மாட்டேன் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மாமாவின் செத்தவீட்டில் நான் பிடித்திருந்த அதே பித்தளைத் தட்டம் கிணற்றுக்கட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி புளி போட்டு மினுக்கியிருந்தாள்.

"இதேன் இப்ப?"

"சும்மாதான். கறுத்துப்போய்க் கிடந்தது." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டத்தைக் கையில் எடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வெற்றிலை இந்தப் பக்கம், பாக்கு நடுவில் என்று என் கண் தன்பாட்டில் அடுக்கத் தொடங்கிவிட்டது. சிகரெட்டுக்கும் அது இடம் விட்டிருந்தது.