யாரும் கேட்காத விதி

மலாக்காவில் மனிதர்களை ‘ஏத்துவார்கள்’. வந்த புதிதில் வேன் ஓட்டுநர் குமரன் போன் செய்து, “அக்கா, காலைல வந்து உங்கள ஏத்துறேன், ரெடியா இருங்க லா” என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் விருதுநகரில் ஏற்றுவது மல்லி மூட்டையையும் வத்தல் மூட்டையையும்தான். ஒருவரை வந்து அழைத்துப் போவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று புரியச் சில நாட்கள் பிடித்தன. இப்போது ஊருக்குப் பேசும்போது நானும், “ஏர்போர்ட்டுக்கு யாரு வந்து ஏத்துவா?” என்று கேட்டுவிடுகிறேன். தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சமீபமாக எதுவுமே அவ்வளவாக வருவதில்லை.

மலாக்கா டவுனில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜாசினில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையம், சுற்று வட்டார நோயாளிகளை வேனில் அழைத்து வந்து, ரத்தம் சுத்திகரித்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. யாரை எந்த வரிசையில் இறக்கிவிட வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லும் செயலியை எழுதியது நான். எழுதுவதற்கு முன் குமரனின் வேனில் பல நாட்கள் கூடவே போனேன். நியாலாஸ் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே வேன் குலுங்கிக் குலுங்கிப் போகும். பின்னிருக்கையில் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. அப்பாவை விருதுநகரிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி அவரும் அப்படித்தான் வருவார். ஊர் நெருங்க நெருங்க, “இன்னும் எவ்வளவு தூரம்மா?” என்று மட்டும் கேட்பார். வாசலில் அம்மா நிற்பாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். அவர் காலமான பிறகுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

அதனால் செயலியில் ஒரு விதி வைத்தேன். வீட்டில் தனியாக இருப்பவரை முதலில் கொண்டுபோய் விட வேண்டும், சுற்று வழியானாலும் சரி. அவர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார் என்று ஓட்டுநர் பொத்தானை அழுத்தும் வரை அடுத்த வீட்டுக்கு வழி காட்டாது. மையத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் அலுவலக மேலாளர் டான், செயலியின் பழைய கோட் முழுவதையும் ஏஐயிடம் கொடுத்து, பயண நேரம் குறையும்படி மாற்றி எழுதச் சொன்னார். நான் மாதக்கணக்கில் எழுதியதை அது காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தது. சொன்னதைச் சரியாகவே செய்திருந்தது. என் விதி பயண நேரத்தைக் கூட்டியதால் அதை எடுத்துவிட்டது. மாற்றங்களைச் சரிபார்க்கும் வேலை இப்போது என்னுடையதல்ல. சரிபார்ப்பதும் இன்னொரு ஏஐதான்.

நியாலாஸ் தோட்டத்தில் தனியாக இருக்கும் நோயாளி சரோஜா அக்காவின் வீடுதான் எல்லாவற்றிலும் தொலைவு. புதிய வழியில் அவர் கடைசி ஆளானார். ஒவ்வொரு சந்தாகப் புகுந்து எல்லாரையும் இறக்கிவிட்டு, வேன் அவர் வாசலுக்கு வந்தபோது, அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்டது என்று குமரனின் திரை சிவந்துகொண்டிருந்தது. அவரை இறக்கிவிட்டதுமே அவன் வண்டியைத் திருப்பினான். சாவியைத் தேடிக்கொண்டே படியேறிய அக்கா மயங்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

டானிடம் அந்த விதியைப் பற்றிச் சொன்னேன். “ஹூ ஆஸ்க் யூ டு புட்?” என்றார். யார் உன்னை வைக்கச் சொன்னது என்று திட்டுகிறார் என நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் குழம்பிப் போனார். வாடிக்கையாளர்களில் யார் அதைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். கேட்டவர் பெயர் இருந்தால் விதியைத் திரும்பச் சேர்ப்பது சுலபமாம். யாரும் கேட்கவில்லை என்றேன். பிறகு ஏன் அது இருந்தது என்று உண்மையாகவே வியந்தார். அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் என் மேசைக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை குமரனோடு அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி, எங்களுக்குக் குடிக்க மைலோ கலக்க எழுந்தவரைத் தடுத்து உட்கார வைத்தேன். நான் வேனில் போன நாட்களுக்குப் பிறகு மையத்தில் சேர்ந்தவர் அவர். நான் யாரென்று குமரன் சொன்னதும், “நீதானாம்மா கம்பியூட்டர்ல வேன் ஓட்றவ?” என்று சிரித்தார். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பக்கம் திரும்பி, வருத்தமாக மட்டும் கேட்டார்:

“முன்னெல்லாம் என்னையதானப்பா மொதல்ல எறக்கி விடுவ. கதவு தொறக்குற வரைக்கும் நிப்ப. எம்மேல எதும் கோவமா?”

குமரன் என்னைப் பார்த்தான். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று தலையசைத்தேன். இத்தனை நாளும் அவர் அதை ஒரு மனிதனின் நல்ல குணம் என்று நம்பியிருந்தார். அதைவிட மேலான பாராட்டு என் கோடுக்குக் கிடைக்கப்போவதில்லை.

“கோவம்லாம் இல்லக்கா. இனிமே நிப்பேன்,” என்றான் அவன்.

திங்கட்கிழமை, நோயாளி ஒருவரே கேட்டதாக டானிடம் சொன்னேன். உடனே சம்மதித்தார். ஏஐயிடம் விதியை இரண்டு வாக்கியங்களில் விளக்கினேன். கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்தது. வரி வரியாகப் படித்துப் பார்த்தேன்; என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. பொறாமை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. எழுதுவது இனி என் தொழில் இல்லை போலிருக்கிறது. ஜன்னல் கம்பியில் சாய்ந்த நெற்றியை நினைவில் வைத்திருப்பது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கு என்ன பதவிப் பெயர் என்று தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் நோயாளி தேவைப்பட்டார். என் பெயரையே கொடுத்தேன். முகவரி கேட்ட இடத்தில் விரல்கள் தாமாக விருதுநகர்ப் பின்கோடை அடித்தன. அப்படி ஓர் இடம் இல்லை என்றது திரை. அதை அழித்துவிட்டு மலாக்கா வாடகை வீட்டின் முகவரியை அடித்தேன். தனியாக வசிப்பவரா என்ற கேள்விக்கு, ஆம். வரைபடத்தில் ஒரு சிறு புள்ளி ஜாசினிலிருந்து கிளம்பியது. மற்ற எல்லா வீடுகளையும் தாண்டி, நேராக என் வாசலுக்கு வந்து, கதவு திறந்துவிட்டது என்று யாராவது சொல்வதற்காகக் காத்து நின்றது.