மருத மரத்தடியில் முளைத்தவை

2024 பெப்ரவரி 6, செவ்வாய். வழக்கம்போல் ஆறரைக்குப் புளியந்தீவிலிருந்து புறப்பட்டு, பழுகாமத்துக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் தரையில், மருத மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். புல்லை மூடிவிடும் பார்த்தீனியக் களைச்செடி எங்கெங்கே பரவுகிறது என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை.

அங்கே மாட்டுப்பட்டி வைத்திருந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். தரைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றி, அடியிலுள்ள சேற்றைக் குச்சியால் சுரண்டிவிடுவார். வெறும் சுத்தம் என்றே நினைத்திருந்தேன்.

வெள்ளத்திலும் வறட்சியிலும் புல் செத்த இடத்தில்தான் இந்தச் செடி பிடிக்கும் என்று அன்று அவருக்கு விளக்கினேன்.

"ஓம் சேர். ஆனா இந்தத் தரையில நாலு செடிதான் கிடக்கு. எங்க எண்டு பாருங்க."

நாலும் என் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்றன. வீதியோரத்து விதை டயர்ச் சேற்றில் வந்து, டயர் தேய்த்த வெறுமண்ணில் முளைத்திருந்தது.

"இது மூடினா என்ட மாட்டுக்குப் புல் இல்ல. சேர் வராட்டி ஒங்கட படத்துல குறிக்க ஒண்டும் இல்ல," என்று சிரித்தார்.

நான்கையும் வேரோடு பிடுங்கினேன். வரைபடத்தோடு நிரப்பும் படிவத்தில், 'காரணம்' என்ற கட்டத்தில் என் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை எழுதினேன். முளைத்த அன்றே பிடுங்காமல், நான் பார்க்கட்டும் என்றுதான் விட்டுவைத்தாரா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை, தேநீருக்கு முன்பே, ஒரு குச்சி எடுத்து இரண்டு டயர்களையும் சுரண்டினேன்.